நான் இன்னும் பார்க்காத மொரீஷியஸ்

ஆப்பிரிக்க நாடு ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் விடுதித் தோழி ஒருத்தி, "சிங்கம், யானை எல்லாம் வருமா?" என்று கேட்டாள். வராது. நான் எழுதப் போகும் நாட்டில் சிங்கமும் இல்லை, யானையும் இல்லை. 400 வருடங்களுக்கு முன்பு மனிதர்களே அங்கே குடியிருக்கவில்லை. ஆனால் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது!

ஆம், மொரீஷியஸ்தான். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 2000 கி.மீ. கிழக்கே, மடகாஸ்கரையும் தாண்டி இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஒரு தீவு. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் உறுப்பு நாடு. பரப்பளவில் நம் திண்டுக்கல் மாவட்டத்தின் பாதிகூட இல்லை. அங்கே உள்ள மிக உயரமான சிகரம் 828 மீட்டர்தான். அட்டுவம்பட்டியில் எங்கள் விடுதி வாசலே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரத்தில் இருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு.

எனக்கு இந்த நாட்டின் மேல் ஆர்வம் வந்தது குறிஞ்சி ஆண்டவர் கோயிலில். கொடைக்கானலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள். மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். ஒரு பங்குனி மாதம் அங்கே போயிருந்தபோது தாயும் மகளுமாக இருவர் பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு நெற்றி நிறைய விபூதி. நம் மதுரைப் பக்கத்து ஆட்கள் என்று நினைத்து, "எந்த ஊரும்மா?" என்றேன். சிரித்தார், பதில் வரவில்லை. மகள்தான் ஆங்கிலத்தில் சொன்னார்: மொரீஷியஸ், மறுநாள் பழனிக்குப் போகிறோம், தமிழ் தெரியாது, வீட்டில் கிரியோல் பேசுவோம். ஆனால் மணி அடித்ததும் இருவரும் "அரோகரா" என்றார்கள். அந்த ஒரு சொல்லில் உச்சரிப்புப் பிழை எதுவும் இல்லை.

அந்த மகள்தான் தன் கைப்பையிலிருந்து ஒரு 100 ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழர். வழக்கறிஞர், அரசியல் தலைவர். நாடு விடுதலை அடைவதற்குப் பத்து வருடம் முன்பே, 1958-ல் இறந்துவிட்டார். நோட்டில் முதலில் ஆங்கிலம், இரண்டாவது தமிழ், மூன்றாவது இந்தி. இந்த வரிசைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1998-ல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் இந்தியை இரண்டாவதாகவும் தமிழை மூன்றாவதாகவும் அச்சிட்டுவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான். எதிர்ப்பு பலமாக இருந்ததால் அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டது.

நம்மில் பலருக்கு மொரீஷியஸ் என்றால் இந்த ரூபாய் நோட்டோடு கதை முடிந்துவிடும். அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வோம். நானும் அதைத்தான் செய்தேன். பிறகு நூலகத்தில் கொஞ்சம் தேடிப் படிக்க ஆரம்பித்ததும்தான் அந்தத் தீவு நான் நினைத்ததைவிடப் பெரியது என்று தெரிந்தது.

டச்சுக்காரர்கள் 1598-ல் அங்கே இறங்கித் தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரை வைத்தார்கள். 1638-ல் குடியேறினார்கள். ஜாவாவிலிருந்து கரும்பையும் மான்களையும் கொண்டுவந்தார்கள். கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினார்கள். 1710-ல் முடியாது என்று விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து 1715-ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள்தான் தீவை உருவாக்கியவர்கள். குறிப்பாக 1735 முதல் ஆளுநராக இருந்த லா பூர்தொனே. இந்தப் பெயரை நீங்கள் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1746-ல் கப்பற்படையோடு வந்து சென்னை ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தாரே, அவரேதான்! அப்போது கோட்டைக்குள் சிக்கிய இளம் எழுத்தர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். கோட்டையை ஆங்கிலேயரிடமே பணத்துக்குத் திருப்பிக் கொடுப்பதா கூடாதா என்று லா பூர்தொனேவும் புதுச்சேரி டூப்ளேயும் போட்ட சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வாசிக்கலாம்.

அந்தப் படை புறப்பட்டது மொரீஷியஸிலிருந்து. அதில் ஆப்பிரிக்க அடிமை வீரர்களும் இருந்தார்கள். நம் ஆட்கள் அங்கே போன கதையை மட்டுமே நாம் பேசுகிறோம். அவர்களும் தங்கள் விருப்பம் இல்லாமலே நம் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டுவதற்கு லா பூர்தொனே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். ஆகவே தோட்டக் கூலிகள் போவதற்கு நூறு வருடம் முன்பே தமிழர்கள் அங்கே கைத்தொழிலாளர்களாக இருந்தார்கள். ஆனால் கூலி பெறும் கொத்தனாருக்குப் பக்கத்தில் கல் சுமந்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகள். இந்தியாவிலிருந்து கொண்டு போகப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள்.

தீவின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்று ஒரு மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. படத்தில் பார்த்தாலே பிரமிப்பாக இருக்கும். செங்குத்தான பாறை. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. அதைச் சொல்ல வீரர்கள் மலையேறி வந்தார்கள். தங்களைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து மேலே இருந்தவர்கள் பாறையிலிருந்து குதித்து இறந்தார்கள். இது நடந்ததா என்று வரலாற்று மாணவி என்ற முறையில் ஆதாரம் கேட்கலாம். ஆனால் விடுதலைச் செய்தியைக்கூடச் சங்கிலிச் சத்தமாகக் கேட்கும்படி அந்த மனிதர்கள் பழக்கப்பட்டிருந்தார்கள் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. 2008-ல் யுனெஸ்கோ அந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அடிமை முறை ஒழிந்தபோது நஷ்ட ஈடு கொடுத்தார்கள். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? முதலாளிகளுக்கு! மொரீஷியஸ் முதலாளிகளுக்கு மட்டும் சுமார் 20 லட்சம் பவுன். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதோடு 1839 வரை 'பயிற்சி' என்ற பெயரில் அதே முதலாளியிடம் வேலை செய்ய வேண்டும் என்று வேறு சட்டம்.

கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! அதற்குத்தான் நாம். 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த எழுபத்தைந்து, எண்பது வருடங்களில் சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் போய் இறங்கினார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழியாக, அதற்கு அடுத்தபடி சென்னை வழியாக. இறங்கிய துறைமுகக் கட்டடம் இப்போது 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் இருக்கிறது, 2006 முதல் அதுவும் யுனெஸ்கோ சின்னம். துறையிலிருந்து மேலே ஏறும் 16 கல் படிகள் அப்படியே இருக்கின்றன.

ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய் சம்பளம், அரிசி, பருப்பு, நெய், உப்பு. கேட்க மோசமில்லை என்று தோன்றும். ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் இரண்டு நாள் கூலி பிடிப்பு என்ற விதியை அடுத்து வாசித்தால் கணக்கு புரிந்துவிடும். காய்ச்சலில் பத்து நாள் படுத்தவனுக்கு மாதக் கடைசியில் கையில் என்ன வந்திருக்கும்? 1860-களின் கடைசியில் மலேரியா வேறு வந்து பல்லாயிரக்கணக்கானோரைக் கொண்டு போனது. 1867-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் தீவில் இருப்பவர்கள் தங்கள் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து உள்ளே போடுவார்கள்.

அந்தச் சீட்டுக்காக எடுத்த புகைப்படங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சிலவற்றை நான் இணையத்தில் பார்த்தேன். காதில் தண்டட்டி போட்ட பெண்கள், முண்டாசு கட்டிய ஆண்கள். யாரும் சிரிக்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்று ஒரு சொல்லாகப் படித்துத் தாண்டிப் போவதற்கும் அந்த முகங்களைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் தேனி பக்கத்துப் பெரியம்மாக்கள் போலவே இருந்தார்கள், அவ்வளவுதான்.

மொழி போய்விட்டது. இன்று வீட்டில் தமிழ் பேசுபவர்கள் மிகவும் குறைவு. பள்ளியில் விருப்பப்பாடமாகப் படிக்கிறார்கள். கோயில் பாட்டுகளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுபவர்களும் உண்டு. பெயர்கள் பிரெஞ்சு எழுத்தர்களின் கையில் சிக்கி ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆகவும், சொக்கலிங்கம் 'சொக்காலிங்கும்' ஆகவும் மாறிவிட்டன. இதைக் கேட்டதும் நம்மவர்கள் "அய்யோ பாவம், தமிழை மறந்துவிட்டார்கள்" என்று உச்சுக் கொட்டுவார்கள். ஆங்கிலம் கலக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடியாத என் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மொழி போன பிறகும் சமையலறையில் அது ஒளிந்திருக்கிறது. முருங்கைக்கீரைக்கு அங்கே 'ப்ரெட் முரூம்' என்று பெயர். ரசம் 'ரசோன்'. தெருக்கடைகளில் காலையில் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடும் 'காத்தோ பிமா' வேறு ஒன்றுமில்லை, நம் பருப்பு வடை! புட்டு 'புத்து'. தமிழர் வீட்டு விசேஷங்களில் வாழையிலையில் ஏழு வகைக் கறியோடு சாப்பாடு போடுவார்கள். இவை இன்று தமிழர்களின் சாப்பாடு மட்டும் இல்லை. சீனர், கிரியோல், முஸ்லிம், எல்லோரும் வடை சாப்பிடுகிறார்கள்.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. 'காவடி' என்றே பெயர். பத்து நாள் விரதம், அலகு, எலுமிச்சம்பழம், பால்குடம், பூவால் மூடிய மரக்காவடி. காத்ர் போர்ன் ஊரில் கோர் த கார்த் மலைச்சரிவில் ஒரு முருகன் கோயில் உண்டு, படியேறித்தான் போக வேண்டும். கடல் கடந்து போனவர்கள் அங்கேயும் ஒரு மலையைத் தேடிக் கண்டுபிடித்து முருகனை ஏற்றி வைத்திருக்கிறார்கள். இடும்பன் கதை தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது!

ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல் மக்கள் கொடுத்தது 'செகா'. ஆட்டுத்தோல் கட்டிய 'ரவான்' என்ற வட்டப் பறையை நெருப்பில் காட்டிச் சூடாக்கிய பிறகே அடிப்பார்கள். நம் பறையைத் தீயில் காய்ச்சுவது போலவே. அடிமைகள் பகல் வேலை முடிந்த இரவில் ஆடிய ஆட்டம் இது. பாதம் தரையை விட்டு எழாமல் மணலில் இழைத்து ஆடுகிறார்கள். 2014-ல் யுனெஸ்கோ செகாவையும் பட்டியலில் சேர்த்தது. மொரீஷியஸ் மக்கள் எல்லோரையும் ஒரே மொழியில் பேச வைக்கும் கிரியோலும் அடிமைகள் தந்ததுதான். ஆனால் அது பள்ளியில் பாடமாக நுழைந்தது 2012-ல்தான். நம் தாத்தாக்களின் தமிழுக்கு ரூபாய் நோட்டில் இடம் கிடைத்த நாட்டில், எல்லோரும் வாய் திறந்தால் பேசும் மொழிக்குப் பள்ளியில் இடம் கிடைக்க அவ்வளவு காலம் ஆனது. 1999 பிப்ரவரியில் காயா என்ற பாடகர், செகாவையும் ரெகேவையும் கலந்து 'செகே' என்ற இசையை உண்டாக்கியவர், போலீஸ் காவலில் இறந்தபோது தீவே சில நாட்கள் பற்றி எரிந்தது. கிரியோல் மக்கள் எவ்வளவு பின்தங்கி விடப்பட்டார்கள் என்பதைப் பலர் அப்போதுதான் பேச ஆரம்பித்தார்கள். சொர்க்கத் தீவு என்று சுற்றுலா விளம்பரத்தில் போடும்போது இதைச் சொல்ல மாட்டார்கள்.

இயற்கைக்கு வருகிறேன். டோடோ பறவையைச் சொல்லாமல் மொரீஷியஸ் இல்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், பறக்காது, தரையில் முட்டையிடும். மனிதனைப் பார்த்துப் பயப்படத் தெரியாது, ஏனென்றால் அதற்குமுன் மனிதனைப் பார்த்ததில்லை. கப்பலில் வந்த எலி, பன்றி, குரங்கு எல்லாம் முட்டைகளைத் தின்றன. 1598-ல் டச்சுக்காரர்கள் பார்த்த பறவையைக் கடைசியாகக் கண்டதாகப் பெரும்பாலும் ஏற்கப்படும் வருடம் 1662. ஒரு மனித ஆயுள்கூட இல்லை! டோடோ ஒரு வகைப் புறா என்பதும், உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நம் நிக்கோபார் புறா என்பதும் மரபணு ஆய்வில் தெரிந்த செய்தி.

அந்தத் தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மிஞ்சியதையும் 'சீனக் கொய்யா' என்ற வெளிநாட்டுச் செடி மூடிக்கொண்டு வருகிறது. பழம் சுவையாக இருப்பதால் மக்கள் காட்டுக்குள் போய்ப் பறித்துச் சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்கள். இதைப் படித்தபோது எங்கள் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும். சுற்றுலாப் பயணிகள் பைன் காட்டில் நின்று எத்தனை படம் எடுக்கிறார்கள்! அவற்றுக்கு முன்னால் பழனி மலையில் இருந்த புல்வெளியும் சோலையும் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அழகாக இருப்பதாலேயே அன்னியச் செடியை நாம் சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. மொரீஷியஸ் வல்லூறு 1974-ல் காட்டில் நான்கே நான்கு இருந்ததாகக் கணக்கு. முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைத்து, கூண்டில் வளர்த்து விட்டு, அதை நூற்றுக்கணக்காகப் பெருக்கிவிட்டார்கள். 'இல் ஓ எக்ரெத்' என்ற குட்டித் தீவில் அழிந்துபோன உள்ளூர் ஆமைகளுக்குப் பதிலாக அல்டாப்ரா ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. காடு வளர்க்கும் ஆமை! 2015 முதல் 2018 வரை அந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த அமீனா குரிப்-ஃபகீம் பல்லுயிர் ஆராய்ச்சியாளர், அப்பதவிக்கு வந்த முதல் பெண். மகளிர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்களுக்கு இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும்.

வகுப்புத் தோழிகளுக்காக இன்னொன்று. 1968 மார்ச் 12 அன்று மொரீஷியஸ் விடுதலை பெற்றது. தண்டி யாத்திரை தொடங்கிய தேதி என்பதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன்பே 1961-ல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார நிபுணர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர், இந்தத் தீவு உருப்படுவது கஷ்டம் என்ற பொருளில் அறிக்கை எழுதிவிட்டார். கரும்பைத் தவிர ஒன்றும் இல்லை, மக்களோ பெருகுகிறார்கள். 1975 மே மாதம் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கித் தலைநகரை நோக்கி நடந்தார்கள். போலீஸ் பாலத்தில் வைத்துத் தடுத்தது. ஆனால் அதே வருடம் ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18 ஆனது. 1977-ல் உயர்நிலைப் பள்ளிக் கல்வி இலவசமானது. நிபுணரின் கணக்கு தப்பியதற்கு அந்த மாணவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. ஆப்பிரிக்காவில் வசதியான நாடுகளில் ஒன்றாக இன்று மொரீஷியஸ் இருக்கிறது.

2020 ஜூலையில் 'வகாஷியோ' என்ற ஜப்பானியக் கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப் பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்டில் உடைந்து சுமார் 1000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அரசு இயந்திரம் அசையும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, மைல் கணக்கில் மிதவைத் தடுப்பு செய்து கடலில் இழுத்துக் கட்டினார்கள். முடிவெட்டிக்கொண்டு தலைமுடியைக்கூடக் கொடுத்தார்கள், எண்ணெயை உறிஞ்சும் என்று. கொள்ளுத் தாத்தாக்களின் கையைக் கிழித்த அதே சோகை. கறுத்த கைகளோடு வரிசையாக நின்ற அந்தப் படங்களில் யார் தமிழர், யார் கிரியோல், யார் சீனர் என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

கோயிலில் சந்தித்த அந்த மகள் கிளம்பும்போது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய கொள்ளுப் பாட்டிக்கும் பாட்டி ஒருவர் கப்பலில் வந்தபோது பதிந்த பதிவேட்டின் நகல். பெயரை பிரெஞ்சு உச்சரிப்பில் யாரோ ஓர் எழுத்தர் கிறுக்கியிருந்தார். "இதைத் தமிழில் எழுதித் தர முடியுமா? அம்மா பழனியில் அர்ச்சனைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்" என்றார். உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மூன்று விதமாகப் படிக்கலாம், மூன்றுமே நம் ஊர்ப் பெயர்கள். எது என்று எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு தாளில் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா அதை மடித்து விபூதிப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டார்.